நாற்பது அடித் தெரு

போகி அன்று காலை ஐந்து பத்துக்கு வண்டியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கயிறு. தரைக்கு ஒரு சாண் மேலே, தெருவின் குறுக்கே, இந்தப் பக்க வீட்டிலிருந்து அந்தப் பக்க வீடு வரை விறைப்பாக நின்றது. இரண்டு முனைகளையும் இரண்டு ஆட்கள் குனிந்து பிடித்திருந்தார்கள். தெருக்கோடியில் போகி நெருப்பு எரிந்ததால் கயிறு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கடப்பாறைச் சத்தம் காதில் விழுந்தது.

முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வீட்டின் வாசற்படியை இடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பூசிய படி. சிமெண்ட் முழுசாகக் காயவில்லை. வீட்டுக்காரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எட்டு மாத வயிறு.

"அத்தே, வயித்தோட எறங்க முடியல அத்தே. அதான் அவரு போட்டாரு. ஒரு முழம்கூட இல்ல."

"படி வேணும்னா வூட்டுக்குள்ள போட்டுக்க. வெளில போட்டா அது தெருவோடது."

"கொயந்த பொறக்கற வரைக்கும் வுடேன்."

"கொயந்த பொறந்தா அது எறங்கறதுக்கு ஒரு படி கேப்பே."

கடைசிக் கல்லும் பெயர்ந்தது. அவர் நிமிர்ந்து, கயிறு பிடித்தவர்களைப் பார்த்து, "இப்ப நடங்க" என்றார். கயிறு எங்கும் தட்டாமல் அந்த வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போனது. இடித்த கல்லை யாரோ தெருவிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அடுத்த வீட்டில் ஒரு கோழிக்கூடு கயிற்றில் இடித்தது. கேள்வி இல்லை. கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் நெருப்பில் போட்டார்கள்.

நான் அப்போது சித்தூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். போகிப் படம் எடுக்க வந்தவன். பழைய பாயையும் முறத்தையும் எரிக்கும் வழக்கமான படம்தான் கேட்டிருந்தார்கள். தெருவை அளந்து, கோட்டுக்கு வெளியே இருப்பதையெல்லாம் எரிக்கிற போகியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நீ யாரு?" என்று கேட்டார். சொன்னேன்.

"பேப்பர்காரனா? அப்ப நீயே அளந்துக்க. நாப்பது அடி. ஒரு விரல் கொறைஞ்சாலும் கொறைஞ்சதுன்னு போடு."

அளந்தேன். நாற்பது அடி இருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பின்னாளில் அவரே சொன்னதுதான் காரணம். "இனிமே என்னப் பத்தி எதுனா எழுதினா பேரு போடாத. ஒரு தபா போட்டதுக்கே போதும் போதும்னு ஆயிடுச்சு." அந்த ஒரு தபா எழுதியவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் இருக்கும் இடம், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறு பக்கம் ஓடை. நடுவில் இருந்தது சர்க்கார் புறம்போக்கு, மொத்தமும் கல். ஆடு மேய்க்கக்கூட யாரும் போகமாட்டார்கள். அங்கேதான் முப்பத்திரண்டு குடும்பங்கள் வந்தன. எல்லாம் எல்லைக் கிராமங்களில் நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள். அழைத்து வந்தவர் அவர்.

வேறு எங்கே போய் யார் குடியேறினாலும் முதல் நாள் குடிசை போடுவார்கள். இவர்கள் போடவில்லை. முதல் மூன்று மாதம் வெறும் கல் பொறுக்கினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் தூங்கி எழுந்து, பகலெல்லாம் கூலிக்குப் போய்விட்டு, மாலையில் வந்து கல் பொறுக்கி, நெடுஞ்சாலையிலிருந்து பாறை வரைக்கும் நேராக ஒரு தெருவை உண்டாக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒரு குச்சிகூட நட அவர் விடவில்லை.

கிராம வருவாய் அதிகாரியான வி.ஆர்.ஓ. வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இல்லு லேது, ரோடு உந்தா?" வீடே இல்லை, ரோடு மட்டும் இருக்கிறதா என்று.

"ரோடு உன்டே இல்லு அதே வஸ்துந்தி சார்" என்று இவர் பதில் சொன்னார். ரோடு இருந்தால் வீடு தானாக வரும்.

இதில் ஒரு கணக்கு இருந்தது. குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று ஜீப்பில் வந்து பிரித்துப்போடலாம். கல் பொறுக்கியதற்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது? மூன்றாவது மாதம் குவாரி லாரிகள் குறுக்கு வழியாக அந்தத் தெருவில் ஓட ஆரம்பித்தன. நான்காவது மாதம் குடிசைகள் எழுந்தன. வி.ஆர்.ஓ. தன் ரிப்போர்ட்டில் 'ரோட்டோரக் குடியிருப்பு' என்று எழுதினார். ரோடு யார் போட்டது என்று அவருக்கு மேலே இருந்தவர் யாரும் கேட்கவில்லை. இப்படித்தான் அந்த ஊர் காகிதத்தில் ஏறியது.

அவருக்குத் தெருவின் மேல் ஏன் இந்த வெறி என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போனபோது தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்களாம். தள்ளுவண்டி போகிற பாதை அது. கோட்டுக்குள் கூடையை வைத்தால் சூப்பர்வைசர் காலால் எட்டி உதைப்பான். "அவன் ஒதைச்சப்போ கோவம் வந்துச்சு. அப்பால பாத்தா, அந்தக் கோடு இருக்கறதாலதான் முந்நூறு பேரு முட்டிக்காம வேல செய்யறாங்க." இது ஒரு பதில்.

இன்னொரு பதிலை அவர் சொல்லவில்லை. படி இடிபட்ட பெண் சொன்னாள். அவர்கள் விட்டு வந்த கிராமத்தில் ஊர்த்தெரு அகலமானது. அதில் இவர்கள் போகக் கூடாது. காலனிக்குப் போகிற சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இவருடைய அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது வாடகைக் கார் சந்து முனையில் நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வளைவில் கட்டில் திரும்பவில்லை. சாய்த்துத் திருப்பியதில் அக்கா கீழே விழுந்தாள். காருக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாய் பிழைக்கவில்லை. அந்தப் பையனைத்தான் இவர் வளர்த்தார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை.

இதைக் கேட்ட பிறகு அந்தக் கடப்பாறையை நான் வேறு கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் இனிமையான மனுஷி அல்ல. ஊரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம், மீதிப் பேருக்கு எரிச்சல். கல்யாணப் பந்தலுக்குத் தெருவில் குழி தோண்டக் கூடாது. மணல் நிரப்பிய டின்னில் கழி நட வேண்டும். டீக்கடைக்காரர் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டால் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துப் பின்னால் தள்ளுவார். டீக்கடைக்காரருக்குப் பெரிய மீசை. போகிக்கு முந்தின நாள் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வார்கள்: "மாமா, நாளைக்குக் கயிறு வருது. மீசைய உள்ள இழுத்துக்க."

கெங்கம்மாவுக்குக் கோயில் கட்டியபோது பெரிய சண்டை. தெருவின் நடுவில், நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல் ஆத்தாளை வைக்க வேண்டும் என்று ஆண்கள் எல்லாம் ஒரே பேச்சாகச் சொன்னார்கள். கல்லும் வந்து இறங்கிவிட்டது. இவர் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை.

"ஆத்தா மேல உக்காந்துக்கினு கீறியே, கண்ணு அவிஞ்சி போயிடும்" என்று ஒரு கிழவர் திட்டினார்.

"இது இன்னும் ஆத்தா ஆகல மாமா, கல்லு. ஆத்தா ஆனப்புறம் தெரு முனைக்கு நானே தூக்கினு போறன்."

கோயில் பாறையோரம் போனது. அந்தக் கிழவர் சாகும் வரை இவரோடு பேசவில்லை.

ஊர் வளர்ந்ததற்குக் காரணம் அந்தத் தெரு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வளர்ந்ததை வருடா வருடம் போய்ப் பார்த்தவன் நான். லாரி திரும்ப இடம் இருந்ததால் பஞ்சர் கடை வந்தது. அப்புறம் வெல்டிங் பட்டறை. திருப்பதி டவுன் பஸ் வந்து திரும்ப இடம் இருந்ததால் கண்டக்டர்கள் 'பெத்த வீதி', அதாவது பெரிய தெரு, என்று ஒரு ஸ்டேஜைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். பஸ் வந்ததும் டீச்சர் வந்தார். ரேஷன் கடை, கோழிக்கடை, பக்கத்து மூன்று கிராமங்களுக்கான வாரச்சந்தை. கயிறு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு போகிக்கும் விடிவதற்கு முன்னால் நெடுஞ்சாலை முனையில் கிளம்பும். பாறை வரை நடக்கும். தட்டியதெல்லாம் நெருப்புக்குப் போகும். கயிற்றை அவர் வீட்டுப் பரணில் வைத்திருப்பார். வேறு யாரும் தொடக் கூடாது.

வராமல் இருந்தது ஒன்றுதான், பட்டா. எல்லோரிடமும் ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, கரண்ட் மீட்டர் இருந்தது. நிலம் இன்னும் சர்க்காருடையது. நிலமில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் டி.கே.டி. பட்டா வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பது அடித் தெருவும், அதன் ஓரத்தில் அந்த முப்பத்திரண்டு வீடும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊருக்குப் பதினைந்து வயதானபோது நான் அவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். கயிற்றைப் பிடித்து நிற்கும் படம் போட்டேன். நிருபனுக்கு உரிய துல்லியத்தோடு எழுதியிருந்தேன்: தெருவின் அகலம், நீளம், நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம், இரண்டு லாரிகள் ஒன்றையொன்று தாராளமாகக் கடக்கலாம் என்பது வரை. நல்ல கட்டுரை என்று ஆசிரியர் போன் செய்து சொன்னார்.

ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்கு ஒரு கார் வந்தது. பாறைச் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டா நிலங்களை மொத்தமாக வாங்கி பிளாட் போடுகிறவர். அந்தப் பக்கத்தில் இதை வெஞ்சர் என்பார்கள். அதனால் ஊரில் அவரை வெஞ்சர்காரர் என்றார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். அவர் பையிலிருந்து என் கட்டுரையை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அகலம், தூரம், லாரி. மூன்று இடத்திலும் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தது.

"அக்கா, பாக செப்பினாரு பேப்பர்லோ", பேப்பரில் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் விஷயத்துக்கு வந்தார். தன் வெஞ்சருக்கு அப்ரூவல் வேண்டுமென்றால் அறுபது அடி ரோடு காட்ட வேண்டும். இந்தத் தெருவில் இந்தப் பக்கம் பத்து அடி, அந்தப் பக்கம் பத்து அடி கிடைத்தால் போதும். ஊருக்கே நல்லது. தெரு விளக்குப் போட்டுத் தருவார், ஆர்ச் கட்டித் தருவார்.

"நாப்பது போதும்" என்றார் இவர். "ரெண்டு லாரி போவுது. நடுவுல ஒரு பொணமும் போவும். அதுக்கு மேல எதுக்கு?"

"ரோடு பெத்ததி அயித்தே மீக்கே கதா மஞ்சிதி." ரோடு பெரிதானால் உங்களுக்குத்தானே நல்லது என்றார்.

"தெருவுக்கு எது நல்லதுன்னு நீ எனக்குச் சொல்றியா?"

வெஞ்சர்காரர் சிரித்தார். கோபப்படவில்லை. போகும்போது இவருடைய அக்கா மகனிடம் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அடுத்த மாதம் அவன் வெஞ்சர் ஆபீசில் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, புது பைக். சின்னம்மாவுக்குப் பெருமைதான். "என் தெருவுல எவன் வூட்டுப் புள்ளைக்குக் கழுத்துல கார்டு கீது?" என்று என்னிடமே கேட்டார்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருடம் அவருக்குக் கண் மங்கியது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். தேதி போகிக்கு முந்தின நாள் விழுந்தது. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள்.

நான் அப்போது திருப்பதிக்கு மாறியிருந்தேன். அலிபிரி பக்கம் வீடு. போகியன்று காலை பதினோரு மணிக்கு அவரைப் பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. போனைத் தொடக் கூடாது என்று நர்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

"இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார். "கயிறு எங்க கீதுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் சொல்லிட்டு வந்தேன். ஒயுங்கா புடிச்சிருப்பான்."

முடிந்துதான் இருந்தது. என்ன நடந்தது என்பதைப் பிறகு அந்தப் படிக்காரப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவளுடைய மகள் அப்போது காலேஜ் போய்க்கொண்டிருந்தாள்.

விடிவதற்கு முன்னால் அக்கா மகன் கயிற்றை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை முனைக்கு வந்தான். மறு முனையைப் பிடித்தவன் வெஞ்சர்காரரின் டிரைவர். கயிற்றோடு இன்னொரு இருபது அடி கயிறு முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்தது. முதல் வீட்டிலேயே தட்டியது. எல்லோரும் கூடிவிட்டார்கள். அவன் சொன்னான்: சின்னம்மா ஒத்துக்கொண்டது. தெரு அறுபது அடி ஆகிறது. உள்ளே தள்ளிக்கொள்கிற வீட்டுக்கு எல்லாம் இந்த வருடமே பட்டா. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சின்னம்மா தன் கையில் கயிற்றைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனது இதுதான்.

"சும்மா சொன்னா நம்பியிருக்க மாட்டோம் சார்" என்றாள் அவள். "ஆனா மொதல்ல எந்த வூட்ட இடிச்சான் தெரியுமா? அத்த வூட்ட. மொதல் கடப்பாறை அங்கதான். அப்பால யாரு கேள்வி கேப்பாங்க?"

யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாகப் போகிக் காலையில் கயிறு வந்தால் பின்னால் போக வேண்டும் என்று பழகிய ஜனம். தகரக் கூரையைத் தாங்களே கழற்றினார்கள். முன்சுவரைத் தாங்களே இடித்தார்கள். ஜன்னல் சட்டங்களைத் தூக்கிப்போய் நெருப்பில் போட்டார்கள். டீக்கடைக்காரர் தன் பாய்லர் மேடையைத் தானே உடைத்தார். கையில் வலு இல்லாதவர்களுக்காக ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. பத்து மணிக்கு சர்வேயர் வந்தார். விடுமுறை நாள் அது. கையில் எழுதித் தயாராக இருந்த பஞ்சநாமாவில், அதாவது நேரில் பார்த்ததாக எழுதும் சாட்சிப் பத்திரத்தில், முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள். பட்டாவுக்கு என்று நினைத்து வைத்தார்கள்.

நான்கு நாள் கழித்து அவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் கூடப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நாலடி நடந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னாபா, தப்பான ஸ்டேஜுல எறக்கிட்டானா?"

இல்லை என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று நான் சொன்னது காதில் விழவில்லை. இரண்டு பக்கமும் வீடுகள் முன்சுவர் இல்லாமல் நின்றன. கட்டிலும், டி.வி.யும், சுவரில் மாட்டிய கல்யாணப் படமும் தெருவிலிருந்தே தெரிந்தன. பழைய சேலைகளை முன்னால் கட்டி மறைத்திருந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

"யாரு கயிறு புடிச்சது?"

 இரண்டாம் முறை கேட்டார்.

படிக்காரப் பெண்தான் வாயைத் திறந்தாள். "உன் அக்கா மவன்தான் அத்தே. அந்தாண்ட புடிச்சது அவங்க டிரைவரு."

"நான் சொன்னேன்னு சொன்னானா?"

"ஆமா."

"நீங்க நம்பிட்டீங்க. முப்பத்தொரு வூட்டுக்காரங்க. ஒருத்தருக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்து கேக்கணும்னு தோணல?"

"எட்டு மாசத்துல என் படிய இடிச்சவ நீ" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "வூட்டையும் இடின்னு நீ சொல்லியிருக்க மாட்டேன்னு நான் எப்பிடி நெனைக்கறது?"

அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். 

அக்கா மகன் பைக்கில் வந்தான். இறங்கும்போதே பேச ஆரம்பித்தான். "சின்னம்மா, கோச்சுக்காத, கேளு. பட்டா வருது சின்னம்மா. எல்லாருக்கும். அவுரு தாசில்தாரு கிட்ட பேசிட்டாரு."

"எங்க கீது?"

"ப்ராசஸ்ல கீது."

"உங்கம்மா எப்பிடி செத்தான்னு உனக்கு யாருனா சொன்னாங்களா?"

"நீதான் தெனம் சொல்லுவியே. சந்து சின்னதா இருந்துச்சு, அதனால செத்தா. இப்ப தெரு பெருசாத்தானே ஆச்சு?"

அவர் அவனை அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அவன் என்னைப் பார்த்து, "சார், நீங்கனா சொல்லுங்க சார், டெவலப்மெண்ட்தானே இது?" என்றான். அந்த வார்த்தையை நான் எத்தனை தலைப்புகளில் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் முழுப் பொய்யன் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அவன் பட்டாவை நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். வெஞ்சர்காரர் எதையாவது நம்பினார் என்று நினைக்கவில்லை. அவர் அந்த ஊரில் யாரையும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு வீட்டையும் கை வைத்துத் தொடவில்லை. பதினெட்டு வருடமாக ஒரு பெண் கடப்பாறையோடு நின்று உண்டாக்கிய ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் காலை, நான்கு மணி நேரம். அதற்கு வழி காட்டியது சிவப்பு மையால் அடிக்கோடிட்ட என் மூன்று வரிகள்.

பிறகு மனுக்கள். இதற்கு நடுவில் மாவட்டத்தைப் பிரித்திருந்தார்கள். ஊர் திருப்பதி பக்கம் போய்விட்டது. பழைய ஃபைல் சித்தூரில் கிடந்தது. திருப்பதியில் கேட்டால் சித்தூருக்குப் போ என்றார்கள். சித்தூரில் கேட்டால், இப்போது அது எங்கள் மாவட்டமே இல்லையே அம்மா என்றார்கள். அவர் இரண்டுக்கும் மாறி மாறி பஸ் ஏறினார். நான் சில முறை கூடப் போனேன். கடைசியில் ஒரு ஆபீசில், வயதில் சின்னவரான ஒரு அதிகாரி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பஞ்சநாமாவைத் திருப்பிக் காட்டினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். 'குடியிருப்போர் தங்கள் ஆக்கிரமிப்பைத் தாங்களாகவே முன்வந்து அகற்றிக்கொண்டனர்.' யாரும் இடிக்கவில்லை அம்மா. யார் மேல் புகார் எடுப்பது?"

"நான் கையெழுத்து வைக்கல."

அவர் காகிதத்தைப் பார்த்தார். "உங்கள் வீட்டுக்கு உங்கள் பையன் வைத்திருக்கிறார்."

"எனக்குப் பையன் இல்ல" என்றார் இவர். அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

முப்பத்திரண்டு வீடுகளில் இன்று பழைய ஆட்கள் இருப்பது பதினொன்றில். மீதியை, உள்ளே தள்ளி மிஞ்சிய இடத்தில் குடும்பம் நடத்த முடியாமல், நோட்டரி பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கெல்லாம் இப்போது கடைகள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பட்டா வரவில்லை. தெரு முனையில் ஆர்ச் இருக்கிறது. அதில் வெஞ்சரின் பெயர் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. அந்த வாசலுக்கு உள்ளே பாறைக்கு அப்பால் பிளாட் வாங்கியவர்கள் போன வருடம் ஒரு சங்கம் வைத்தார்கள். காலனி என்று அவர்கள் சொல்கிற பழைய வீடுகளின் சாவு ஊர்வலம் மேளத்தோடு மெயின் ரோட்டில் வர வேண்டாம், ஓடையோரமாகப் போகட்டும் என்று அந்தச் சங்கம் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தது. நான் அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். 'ரோடு எங்கள் லேஅவுட்டின் அப்ரோச் ரோடு ஆகும்' என்பது அதன் இரண்டாவது வரி.

அந்த வாரம் அவரிடம் போய் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் பெயர் போடாதே என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாறை உள்ளே நீட்டிக்கொண்டு வந்த இடத்தில் அவருடைய வீடு. மற்றவர்களுக்கு ஆழமான இடங்களைக் கொடுத்துவிட்டு, ஆழம் பதினாறு அடி மட்டுமே இருந்த அந்தத் துண்டை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து அடி போனதும் ஆறு அடி மிஞ்சியது. அதில் ஒரு கட்டிலும் ஒரு கேஸ் அடுப்பும் இருக்கின்றன. கதவு உள்பக்கம் திறக்க இடம் இல்லாததால் ஆசாரி அதை வெளிப்பக்கம் திறக்கிறாற்போல் மாட்டிக் கொடுத்தார். திறந்தால் இரண்டரை அடி வெளியே நிற்கும்.

போன மாதம், அந்தக் கதவு ரோட்டை ஆக்கிரமிப்பதாகப் பஞ்சாயத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது.